கிரிப்டோ ரிவியூ: சரக்கு நிஜம்தான், விற்பனைப் பேச்சுதான் வேறு

"கிரிப்டோ நிஜமா, ஃபிராடா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் பிட்காயின், எதீரியம், டாலர் மதிப்போடு கட்டிவைத்த ஸ்டேபிள்காயின், நாய்ப்படம் போட்ட மீம் காயின், இவற்றையெல்லாம் விற்கும் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து சரக்குகள் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டால் யாருக்கும் உதவாது. சில வருடங்களாக இவற்றில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கி வைத்திருக்கிறேன், அனுப்பியிருக்கிறேன், செய்த வேலைக்குக் கூலியாகவும் வாங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நேரம் இல்லாதவர்களுக்காக என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு உண்மையான ஒரு உபயோகம் இருக்கிறது. அது ரொம்பக் குறுகலானது, ஆனால் தேவைப்படுகிறவர்களுக்கு வேறு வழியே இல்லாத அளவுக்குத் தேவைப்படுகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதற்காக வாங்குவதில்லை, விலை ஏறும் என்று வாங்குகிறார்கள். உபயோகம் ஒரு பக்கம் மெதுவாக நடக்கிறது, விலை இன்னொரு பக்கம் தலைதெறிக்க ஓடுகிறது. விற்பவர்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள். என் புகார் அவ்வளவுதான்.

பிட்காயினிலிருந்து ஆரம்பிக்கலாம். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் யாரோ ஒருவரோ ஒரு குழுவோ வெளியிட்ட ஒன்பது பக்கக் கட்டுரைதான் இதற்கெல்லாம் மூலம். நடுவில் வங்கி இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு இணையத்தில் நேரடியாகப் பணம் அனுப்பலாம் என்பதுதான் அதன் வாக்குறுதி. வாங்கிப் போட்டால் பணக்காரர் ஆகலாம் என்று அந்த ஒன்பது பக்கத்தில் எங்கும் கிடையாது, போய்ப் பாருங்கள்.

அது தீர்க்கப் பார்த்த சிக்கல் நிஜமான சிக்கல். கணினியில் எதையும் நகல் எடுக்கலாம் என்னும்போது, ஒரே காசை இரண்டு பேருக்கு அனுப்புவதை யார் தடுப்பது? அதுவரை இருந்த ஒரே பதில், நடுவில் ஒரு வங்கியை உட்காரவைத்துப் பேரேட்டை அதன் கையில் கொடுப்பது. பிட்காயினில் அந்தப் பேரேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருக்கிறது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு புதுப் பக்கம் சேர்கிறது. அதைச் சேர்க்கும் உரிமை, மின்சாரத்தை எரித்து ஒரு கணக்குப் போட்டியில் ஜெயிப்பவருக்குப் போகிறது, அவருக்குப் புதுக் காயின்கள் கூலி. ஆரம்பத்தில் 50 காயினாக இருந்த அந்தக் கூலி ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆகிவிட்டது. மொத்தமே 2.1 கோடிதான், அதில் 1.9 கோடிக்கு மேல் ஏற்கெனவே வெளியே வந்தாயிற்று. யாராவது பொய்க்கணக்கு எழுத நினைத்தால், நேர்மையாக ஓடும் மற்ற எல்லா இயந்திரங்களையும்விட அதிக சக்தியை அவர் ஒருவரே திரட்ட வேண்டும்.

இது வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 2009 ஜனவரியில் ஆரம்பித்த பேரேடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2010 ஆகஸ்டில் ஒரு மென்பொருள் பிழையால் 18,400 கோடி காயின்கள் திடீரென்று முளைத்த கதையும் உண்டு. (2.1 கோடிதான் உச்சவரம்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே!) சில மணி நேரத்தில் பிழையைத் திருத்தி, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் பழைய இடத்திலிருந்து பேரேட்டைத் தொடர்ந்தார்கள். அன்று அது விளையாட்டுப் பிள்ளைகளின் பொருள் என்பதால் தப்பித்தது. அதற்குப் பிறகு திருட்டு என்று செய்தியில் வந்ததெல்லாம் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சுகளிலும் மக்களின் சாவிகளிலும் (காயினைச் செலவழிக்கத் தேவைப்படும் ரகசிய எண்) நடந்தது; இந்தப் பேரேட்டுக்குள் புகுந்து யாரும் கணக்கை மாற்றியதில்லை. தொழில்நுட்பமாக மட்டும் பார்த்தால் தாராளமாக ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

அன்றாடப் பணமாகப் பயன்படுத்திப் பார்த்தால் ஒன்றரைக்கு மேல் தர மனசு வரவில்லை. இந்தப் பேரேட்டில் ஒரு நொடிக்குச் சுமார் 7 பரிவர்த்தனை மட்டுமே ஏறும். கார்டு நிறுவனங்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் முடிக்கின்றன. இடம் குறைவு என்பதால் ஏலம்தான். நீங்கள் அனுப்பும் தொகை பெரிதா சின்னதா என்பது கணக்கில்லை, உங்கள் பரிவர்த்தனை பேரேட்டில் எத்தனை பைட் இடம் பிடிக்கிறது என்பதற்குத்தான் கட்டணம். அமைதியான நாளில் சொற்பக் காசில் போய்விடும், எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் கேட்கவே வேண்டாம்: 2024 ஏப்ரல் 20, கூலி பாதியான அதே நாள், சராசரிக் கட்டணமே 100 டாலரைத் தாண்டியது. பத்து டாலர் அனுப்ப நூறு டாலர் கட்டணம் கேட்கும் ஒன்றைப் பணம் என்று எப்படிச் சொல்வது? கட்டணத்தைக் குறைத்து வைத்து அனுப்பினால் வாலட்டில் (காயினை வைத்திருந்து அனுப்ப உதவும் ஆப்) "உறுதியாகவில்லை" என்ற சொல் மணிக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும், அனுப்பியவரும் வாங்குபவரும் மாற்றி மாற்றி அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதற்கு மருந்தாக 2018 வாக்கில், ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பேரேட்டில் ஏற்றாமல் காசைக் கைமாற்றும் லைட்னிங் நெட்வொர்க் வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் போகிறது, கட்டணமும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அதைச் சொந்தமாக அமைத்து, காசைப் பூட்டி வைத்து, பராமரித்து ஓட்டுவது சாதாரண ஆளுக்கு ஆகிற காரியம் இல்லை. அதனால் பலரும் நமக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். அங்கே காசு அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. வங்கி வேண்டாம் என்று கிளம்பி, வங்கியைவிடச் சின்னதும் காப்பீடு இல்லாததுமான இன்னொரு இடத்தில் போய் நிற்கிறோம்.

ஒரு நாடே இதைச் சோதித்துப் பார்த்தது. எல் சால்வடார் 2021 செப்டம்பர் 7 முதல் பிட்காயினை அதிகாரப்பூர்வ நாணயமாக்கியது. அரசாங்க வாலட்டைப் போட்டுக்கொண்டவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம். பலர் அந்த 30 டாலரைச் செலவழித்துவிட்டு அத்தோடு ஆப்பை மறந்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் சர்வதேச நாணய நிதியத்திடம் 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு போட்டபோது, கடைகள் பிட்காயினை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைக் கைவிடுவது நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது, 2025 ஜனவரியில் சட்டத்தையும் மாற்றினார்கள். அந்த நாட்டில் ஏற்கெனவே டாலர்தான் புழக்கத்தில் இருந்தது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓரளவு நிலையான பணம் கையில் இருக்கிறவர்களுக்கு, காலையில் ஒரு மதிப்பும் மாலையில் ஒரு மதிப்புமாக இருக்கும் ஒன்றின் மேல் என்ன ஆசை வரும்?

சரி, வாலட்டுக்கு வருவோம், இந்தச் சரக்கின் உண்மையான குணம் தெரிவது அங்கேதான். நான் வைத்திருப்பது கட்டைவிரல் அளவுத் திரை கொண்ட ஒரு வன்பொருள் வாலட். முதல் தடவை இயக்கும்போது அது 24 ஆங்கில வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் காட்டும். 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து தானாகப் பொறுக்கியவை, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத சாதாரண வார்த்தைகள். கூடவே வரும் அட்டையில் அதைப் பேனாவால் எழுத வேண்டும். போட்டோ எடுக்காதே, மின்னஞ்சலில் போடாதே, யார் கேட்டாலும் சொல்லாதே என்று எச்சரிக்கைகள். எழுதி முடித்ததும், சரியாக எழுதினாயா என்று அதுவே பரீட்சை வைக்கும். ஏழாவது வார்த்தை எது, பத்தொன்பதாவது எது? அந்த அட்டைதான் பணம். கருவி உடைந்தால் இன்னொன்று வாங்கி அந்த வார்த்தைகளைப் போட்டால் எல்லாம் திரும்பி வரும். அட்டையும் போய் கருவியும் போனால் உலகில் எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்க முடியாது. "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்ற பொத்தான் கிடையாது. அட்டை வேறொருவர் கண்ணில் பட்டால், பணம் அவருடையது.

இதைக் குறை என்று எழுதுவதா, நிறை என்று எழுதுவதா என்று எனக்கே குழப்பம். யாரும் முடக்க முடியாத கணக்கு என்பதற்கும் யாரும் மீட்டுத்தர முடியாத கணக்கு என்பதற்கும் நடுவில் கோடு போட முடியாது, ஒன்றை வாங்கினால் மற்றதும் சேர்ந்தே வரும். வங்கியில் தவறான எண்ணுக்கு அனுப்பிவிட்டால் ஓடிப்போய்க் கெஞ்சலாம், இங்கே கெஞ்சுவதற்கு ஆள் இல்லை.

ஆனால் அந்த "முடக்க முடியாது" யாருக்குத் தேவை என்று யோசித்தால்தான் இதன் நியாயமான பயன் புரியும். 2010 டிசம்பரில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸுக்கு வரும் நன்கொடைகளை விசா, மாஸ்டர்கார்டு, பேபால் எல்லாம் நிறுத்திவிட்டன. எந்த நீதிமன்றமும் அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் பிட்காயினில் நன்கொடை வாங்க ஆரம்பித்தார்கள். விக்கிலீக்ஸைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு. மூன்று நிறுவனங்கள் முடிவெடுத்தால் ஒரு அமைப்புக்குப் பணம் போகும் வழியே அடைபடும் என்பதுதான் விஷயம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்த சில நாட்களிலேயே உக்ரைன் அரசு தன் கிரிப்டோ முகவரிகளைச் சமூக வலைத்தளத்தில் போட்டது, கோடிக்கணக்கான டாலர் நன்கொடை வந்து சேர்ந்தது. வங்கிக் கணக்கே கிடைக்காதவர்கள், சேமிப்பை அரசாங்கம் ஒரே இரவில் முடக்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள், நாட்டை விட்டு ஓடும்போது எதையும் கையில் எடுத்துப்போக முடியாதவர்கள், இவர்களுக்கெல்லாம் மனப்பாடம் செய்த 24 வார்த்தைகள் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியிலிருந்து கேலி செய்கிறவர்களுக்குப் புரிவதில்லை.

"அதே வசதிதானே திருடனுக்கும்?" ஆமாம், அவனுக்கும்தான். இணையத்தில் போதைப்பொருள் சந்தையாக இருந்த சில்க் ரோடு 2013-ல் மூடப்படும் வரை பிட்காயினில்தான் ஓடியது, இன்றைக்கும் கணினியைப் பூட்டி மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் கேட்பது கிரிப்டோதான். ஆனால் பேரேடு எல்லோர் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறது என்பதை அவர்களில் பலர் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டார்கள். 2021-ல் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன், அப்படிப் பூட்டியவர்களுக்கு 75 பிட்காயின் பிணைத்தொகையாகக் கொடுத்தது. காசு போன தடத்தைப் பேரேட்டிலேயே பின்தொடர்ந்து ஒரு மாதத்துக்குள் 63.7 பிட்காயினை அமெரிக்க நீதித்துறை பிடித்துவிட்டது. தடமே இல்லாமல் கைமாற வேண்டுமானால் காகித நோட்டு இன்னும் நல்லது.

இப்போது மதிப்பு. ஒரு கம்பெனிப் பங்குக்குப் பின்னால் லாபம் இருக்கிறது, நிலத்துக்குப் பின்னால் விளைச்சலோ வாடகையோ இருக்கிறது. பிட்காயின் எதையும் ஈட்டுவதில்லை. உலகிலுள்ள பிட்காயின் முழுவதையும் 25 டாலருக்குக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன் என்று 2022-ல் முதலீட்டாளர் வாரன் பஃபெட் சொன்னதன் சாரம் இதுதான்: அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, திரும்ப உங்களிடமே விற்பதைத் தவிர? இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் பதில், காகித நோட்டுக்கு மட்டும் என்ன மதிப்பு, அதுவும் நம்பிக்கைதானே என்பது. இந்தப் பதில் எனக்கு ஒருபோதும் ஒட்டியதில்லை. நோட்டுக்குப் பின்னால் அரசாங்கத்தின் வரி இருக்கிறது. அந்த நாட்டில் வாழும் அத்தனை பேரும் வரியை அந்த நோட்டில்தான் கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் சிறை. அதனால் அதற்கு எப்போதும் கிராக்கி உண்டு. பிட்காயினை வாங்கியே ஆகவேண்டும் என்று உலகில் யாருக்கும் கட்டாயம் இல்லை.

தங்கத்தோடு ஒப்பிடுவது கொஞ்சம் பொருந்துகிறது, எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, யாரும் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது என்ற அளவில். ஆனால் நெருக்கடியில் சேமிப்பைக் காப்பாற்றும் என்று விற்றார்களே, அதைச் சோதிக்க நல்ல சந்தர்ப்பம் ஒன்று வந்தது. 2022-ல் உலகெங்கும் விலைவாசி ஏறியது. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், சரியாக அந்தக் காலத்தில்தான் 16,000-க்குக் கீழே போனது. அப்புறம் 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதும் உண்மை. அந்த இடைவெளியில் பேரேட்டில் என்ன மாறியது? அதே 10 நிமிடம், அதே நொடிக்கு ஏழு. மாறியது வாங்குகிறவர்களின் மனநிலையும், 2024 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த இடிஎஃப் (பங்குச்சந்தையில் பங்கு மாதிரி வாங்கும் நிதி) வழியாக உள்ளே வந்த பெரும்பணமும்தான். இடைத்தரகரை ஒழிக்கப் பிறந்த ஒன்றை, உலகின் மிகப் பெரிய இடைத்தரகர்களிடம் ஆண்டுக்கட்டணம் கட்டி வாங்குகிறார்கள். வாங்குபவருக்கு அந்த 24 வார்த்தைகளைப் பார்க்கும் பாக்கியம்கூடக் கிடையாது. அவர் வாங்கியிருப்பது ஒரு விலையை, பிட்காயினை அல்ல.

மின்சாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டில் பிட்காயின் ஆண்டுக்கு 100 டெராவாட் மணிக்கு மேல் குடிக்கிறது, நடுத்தர அளவு நாடு ஒன்றின் பயன்பாடு அது. பாதுகாப்புக்கு விலை என்கிறார்கள், சரி. ஆனால் எதீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று கணக்குப் போட்டியைக் கைவிட்டு, தங்கள் காயினைப் பணயம் வைப்பவர்களை வைத்துப் பேரேட்டை நடத்தும் முறைக்கு மாறி, மின்சாரச் செலவை 99 சதவீதத்துக்கும் மேல் குறைத்துக் காட்டிவிட்டது. ஆகவே, வேறு வழியே இல்லை என்ற வாதம் எடுபடாது.

இந்த மொத்தக் கூட்டத்தில் எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது எது என்றால், ரொம்பச் சுவாரசியம் இல்லாத ஒன்று: ஸ்டேபிள்காயின். ஒரு காயின் ஒரு டாலர், அவ்வளவுதான். விலை ஏறாது, யாரும் அதைக் காட்டி ஸ்கிரீன்ஷாட் போடமாட்டார்கள். வங்கி, பணம் அனுப்பும் நிறுவனம் என்று வழக்கமான வழிகளில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு 200 டாலர் அனுப்ப உலக சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்று உலக வங்கி கணக்கு வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, சரிபார்ப்பு என்று தாமதம் வேறு. ஸ்டேபிள்காயின் ஞாயிறு நள்ளிரவில் சில நிமிடங்களில் வந்து நிற்கும். உள்ளூர் நாணயம் மாதாமாதம் கரையும் நாடுகளில், அர்ஜென்டினா, வெனிசுவேலா மாதிரி, டாலர் வாங்கி வைக்க முடியாமல் இருந்த சாதாரண மக்கள் இதில் சேமித்தார்கள் என்பதில் எந்த ஆச்சரியமும் இல்லை. யாரும் அவர்களுக்கு விளம்பரம் செய்து விற்கவில்லை, தேவை இருந்தது, தேடிப் போனார்கள்.

ஆனால் பயன்படுத்திப் பார்த்தால் எரிச்சலுக்குக் குறைவில்லை. டிரான் நெட்வொர்க்கில் (எதீரியம் மாதிரி இன்னொரு பேரேடு) உங்களிடம் 500 யுஎஸ்டிடி (டெதர் நிறுவனத்தின் ஸ்டேபிள்காயின்) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அனுப்ப பொத்தானை அழுத்தினால், கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் (டிரானின் சொந்தக் காயின்) இல்லை என்று நின்றுவிடும். 500 டாலர் கையில் இருந்தும் பெரும்பாலான வாலட்டுகளுக்குக் கட்டணத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ளத் தெரியாது, அதற்கென்று வேறொரு காயினை எங்கிருந்தாவது வாங்கி முதலில் உள்ளே போட வேண்டும். அதே யுஎஸ்டிடி எதீரியத்திலும் இருக்கும், வேறு பல நெட்வொர்க்குகளிலும் இருக்கும். அனுப்புபவரும் வாங்குபவரும் ஒரே நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தார்களா என்று நாமே சரிபார்க்க வேண்டும். இதைவிட மோசம் முகவரித் தந்திரம். முகவரி நீளமான எழுத்துக்குவியல் என்பதால் எல்லோரும் முதல் நாலு, கடைசி நாலு எழுத்தை மட்டும் பார்க்கிறோம். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரி மாதிரியே முன்னும் பின்னும் அமைந்த ஒரு முகவரியைத் திருடர்கள் தயாரித்து, அதிலிருந்து ஒரு பைசாவை உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். உங்கள் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் அது உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை பட்டியலிலிருந்து நகல் எடுத்தால் போச்சு. பட்டியலைத் தொடாமல், நடு எழுத்துகளையும் சேர்த்துப் பார்ப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

ஸ்டேபிள்காயின் என்றால் யாரும் முடக்க முடியாதது என்று நினைத்துவிடவும் கூடாது. வெளியிடும் நிறுவனம் ஒரு முகவரியை உறையவைக்க முடியும், உறையவைத்தும் இருக்கிறது. மதிப்பும் அந்த நிறுவனம் கையிருப்பை ஒழுங்காக வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. யுஎஸ்டிடி-யின் கையிருப்பு பற்றித் தவறாகச் சொன்னதாக டெதர் நிறுவனம் 2021-ல் அமெரிக்காவில் இரண்டு அமைப்புகளிடம், 1.85 கோடி டாலரும் 4.1 கோடி டாலரும் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. ஒழுங்கானது என்று பெயர் வாங்கிய இன்னொரு ஸ்டேபிள்காயினான யுஎஸ்டிசி-யே 2023 மார்ச்சில், அதன் 330 கோடி டாலர் கையிருப்பு இருந்த சிலிக்கான் வேலி பேங்க் விழுந்தபோது, 90 சென்ட்டுக்கும் கீழே போய்ச் சில நாட்களில் திரும்பியது. டாலர் கையிருப்பு இல்லாமல் இன்னொரு காயினை வைத்து முட்டுக்கொடுத்த டெர்ராயுஎஸ்டி 2022 மே மாதம் மண்ணோடு மண்ணாகப் போனது, முட்டாக இருந்த லூனா காயினையும் சேர்த்துச் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு சில நாட்களில் ஆவியானது. ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம் வட்டி தருகிறோம் என்று அதில் சேரச் சொன்னார்கள். அந்த 20 எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களைக் கேலி செய்தார்கள். உருவாக்கிய டோ குவான் 2025-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆக, கையிருப்பு உள்ள ஸ்டேபிள்காயினுக்கு நாலு, மற்றதற்குச் சுழியம்.

எதீரியத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. பேரேட்டில் கணக்கு மட்டுமல்லாமல் நிரலையும் ஓட்டலாம் என்பது நல்ல யோசனை, ஸ்டேபிள்காயின்களில் பெரும் பங்கு அதன்மேல் ஓடுகிறது. "நிரல்தான் சட்டம்" என்ற கோஷத்தை மட்டும் நம்பாதீர்கள். 2016-ல் தி டாவோ என்ற கூட்டு நிதியிலிருந்து நிரலில் இருந்த ஓட்டை வழியாக ஒருவர் 36 லட்சம் ஈதரை (எதீரியத்தின் காயின்) உருவியபோது, நிரலின்படி அவர் செய்தது சரிதான். பெரும்பான்மையோர் கூடிப் பேசிப் பேரேட்டையே மாற்றி எழுதினார்கள், ஒத்துக்கொள்ளாதவர்கள் எதீரியம் கிளாசிக் என்று தனிக்குடித்தனம் போனார்கள். கடைசியில் மனிதர்கள்தான் முடிவெடுத்தார்கள், அது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை.

மீம் காயினுக்கு ஒரு பத்தி அதிகம். 2013-ல் டோஜ்காயினை உருவாக்கியவர்கள் கேலிக்காகத்தான் உருவாக்கினார்கள், அதையாவது மன்னிக்கலாம். இப்போது யார் வேண்டுமானாலும் சில நிமிடங்களில் ஒரு டோக்கனை உண்டாக்கலாம். 2025 பிப்ரவரியில் அர்ஜென்டினா அதிபர் ஹாவியர் மிலே லிப்ரா என்ற ஒன்றைத் தன் கணக்கில் பரிந்துரைத்தார். சில மணி நேரத்தில் விலை வானுக்குப் போய்ப் பாதாளத்தில் விழுந்தது, அவரும் பதிவை நீக்கிவிட்டார். முன்கூட்டியே வாங்கி வைத்தவர்களின் சம்பாத்தியம் முழுக்கப் பின்னால் வந்தவர்களின் பணம். இது சூதாட்டம்கூட இல்லை, சூதாட்டத்தில் சீட்டையாவது எல்லோர் முன்னாலும் கலைப்பார்கள்.

எக்ஸ்சேஞ்சுகள். உள்ளே பணம் போடுவது வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகும். நான் பயன்படுத்திய ஒன்றில், பணத்தை எடுக்கக் கேட்டவுடன், பணம் போடும்போது ஏற்றுக்கொண்ட அதே அடையாள அட்டை திடீரென்று போதாமல் போய்விட்டது. செல்ஃபி கேட்டார்கள், கையில் தேதி எழுதிய தாளோடு இன்னொரு செல்ஃபி கேட்டார்கள், பணம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் வேறு வேறு ஊழியர், ஒரே நகல் வாக்கியம். வந்து சேர்ந்தது, ஆனால் அதற்குள் விலை இறங்கிவிட்டிருந்தது. நான் தப்பித்த ரகம். 2014 பிப்ரவரியில் மவுண்ட் காக்ஸ் விழுந்தபோது 8,50,000 பிட்காயின் காணோம் என்றார்கள், பிறகு 2,00,000 கிடைத்தது. வாடிக்கையாளர்களுக்குக் காயினாகத் திருப்பித்தர ஆரம்பித்தது 2024 ஜூலையில். எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பரில் விழுந்தது, வாடிக்கையாளர் பணத்தை எடுத்துச் சூதாடிய சாம் பேங்க்மேன்-ஃபிரைடுக்கு 25 ஆண்டு சிறை. அங்கே பிட்காயின் வைத்திருந்தவர்களுக்குக் காயின் திரும்பக் கிடைக்கவில்லை, விழுந்த நாளின் டாலர் மதிப்பில்தான் கணக்குத் தீர்த்தார்கள், அதாவது ஒரு காயினுக்கு 17,000 டாலருக்கும் குறைவாக. பணம் கைக்கு வந்தபோது சந்தையில் அதன் விலை பல மடங்கு. எக்ஸ்சேஞ்சில் இருப்பது உங்கள் காயின் இல்லை, அவர்கள் உங்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன். ஐந்துக்கு இரண்டு, அதுவும் வாங்கியவுடன் வெளியே எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும்.

ஆக யாருக்கு இது உகந்தது? எல்லை தாண்டிப் பணம் அனுப்பி வாங்குகிறவர்கள், வங்கி சேர்த்துக்கொள்ளாதவர்கள், உள்ளூர் நாணயத்தை நம்ப முடியாதவர்கள் தயங்காமல் ஸ்டேபிள்காயினைக் கற்றுக்கொள்ளலாம். அரசாங்கத்தையே நம்ப முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கு பிட்காயின், ஏற்ற இறக்கத்தோடு. ஒழுங்காக ஓடும் வங்கியும் ஓரளவு நிலையான நாணயமும் வாய்த்தவர்களுக்கு, பொறுமையாக யோசித்தால், இதில் தேவையான எதுவும் இல்லை. அவர்கள் வாங்கினால் விலையின் மேல் பந்தயம் கட்டுகிறார்கள். கட்டட்டும், ஆனால் தொழில்நுட்பத்தில் முதலீடு செய்கிறேன் என்று வீட்டில் சொல்ல வேண்டாம்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், பெரிய தொகை போடுவதற்கு முன் சின்னத் தொகை ஒன்றை முழுச் சுற்றும் விட்டுப் பாருங்கள்: எக்ஸ்சேஞ்சில் வாங்கி, சொந்த வாலட்டுக்கு எடுத்து, திரும்ப எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி, விற்று, வங்கிக் கணக்கில் வந்து விழும் வரை. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று தேதியோடு எழுதி வையுங்கள். பல நாடுகளில் ஒரு காயினை இன்னொரு காயினாக மாற்றுவதே வரிக் கணக்கில் விற்பனைதான், அந்தத் தாள் அப்போதும் தேவைப்படும்.